கமலவேணி குழி

கமலவேணிக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். பொறாமை வந்தால் சத்தமே இருக்காது. புளி கரைக்கிற கை மட்டும் கொஞ்சம் வேகமாகக் கரைக்கும், அவ்வளவுதான். அந்த வீட்டுக் குழம்பு இருபத்திரண்டு வருஷமாகப் புளிப்பாகவே இருப்பதன் காரணம் அவள் புருஷன் கிருஷ்ணமூர்த்திக்கு இன்றுவரை தெரியாது.

பொறாமை ஊர் மேலெல்லாம் கிடையாது. ஒரே ஒருத்தி மேல்தான். கொழுந்தன் கலைவாணனின் பெண்டாட்டி, இவளுக்கு ஓரகத்தி, பூங்குழலி. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் கமலவேணிக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். பாவி, அவள் நல்லவளாகத் தொலைந்தாள். பார்க்கிற இடத்திலெல்லாம் "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு கமலவேணிக்குச் சாப்பாடு இறங்காது.

வினை பாகப்பிரிவினையில் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. அண்ணன் பிரிக்க வேண்டும். தம்பி முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிக்கிறவன் ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்று எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. கிருஷ்ணமூர்த்தி பாட்டுக்கு நேர் பாதியாகக் கோடு போட்டிருப்பான். கமலவேணிதான் மூன்று நாள் யோசித்து யோசனை சொன்னாள். ரோட்டோரத்து மேட்டு நிலத்தோடு மெத்தை வீட்டைச் சேர்த்து ஒரு பங்கு. ஏரிக்கரைக்குக் கீழே கிடக்கும் பள்ளத்து நிலத்தோடு பழைய ஓட்டு வீட்டைச் சேர்த்து இன்னொரு பங்கு. பூங்குழலி புதுப் பெண், டவுனுக்குப் போய் வர ஆசைப்படுகிறவள். வாசலிலேயே பஸ் நிற்கிற வீட்டை விடுவாளா? மெத்தை வீட்டைப் பார்த்துத் தம்பி தாவுவான், பொன் விளைகிற கரிசல் நமக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

கலைவாணன் வந்தான். வீட்டைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான்.

"எனக்குப் பள்ளமே போதும்ணே" என்றான்.

ஆக, பிரித்தது இவள், எடுத்தது அவர்கள். யாரையும் நோக வழியில்லை. அடுத்தவர் செய்த அநியாயத்தைச் சொல்லி அழலாம். தன் கையால் போட்ட கோட்டை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

அன்றிலிருந்து மேட்டில் இவள், பள்ளத்தில் அவள். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பஸ் தினமும் கமலவேணியின் வாசலில் நின்று, புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும். ரெட்டிபாளையத்துச் சிமெண்டு ஆலைக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் வேறு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். அவளுக்கு அந்த வாசலே பிடிக்காது. நிலமோ செம்மண் சரளை. மழை பெய்தால் மறுநாளே காய்ந்துவிடும். பள்ளத்துக் கரிசல், ஒரு மழையை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் வைத்திருக்கும். இவள் ஏக்கருக்கு ஆறு மூட்டை கடலை எடுத்தால் அவள் பத்து எடுப்பாள். இவள் ஏழு எடுத்த வருஷம் அவள் பதினொன்று எடுத்தாள். கமலவேணி சாமியிடம் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு வருஷம், பூங்குழலியைவிட ஒரே ஒரு மூட்டை கூடுதல். அதற்கு மேல் ஒரு கடலைகூட வேண்டாம்.

போன வைகாசியில் அந்த நாள் வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஏரி வற்றியிருந்தது. ஏரியில் வண்டல் மண் அள்ளி வயலில் போட்டுக்கொள்ள விவசாயிகளுக்குத் தாலுகா ஆபீசில் இலவசமாக அனுமதி கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, மூன்று அடிக்கு மேல் தோண்டக் கூடாது. மேலாக இருக்கும் கறுப்பு வண்டலை மட்டும் சுரண்டிக்கொள்ள வேண்டும்.

"பூங்குழலி எத்தன நடை எழுதிக் குடுத்திருக்கா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"இருபது டிப்பர்னு சொன்னான் தம்பி."

"நமக்கு முப்பது எழுதுங்க."

"நம்ம நெலம் அவ்வளவு தாங்குமாடி?"

"முப்பதுன்னா முப்பது."

கரிசல் வைத்திருக்கிறவளுக்கு எதற்கு வண்டல் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. நிறைந்த வயிற்றுக்கு மேல் இன்னொரு கவளம்! பூங்குழலி ஏரியின் நடுப்பள்ளத்தில் அள்ளிய இரண்டாம் நாள், கமலவேணி தன் வண்டிகளை அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஏரி முழுக்க மண் கிடந்தது. அவளுக்கு அந்த இடம்தான் வேண்டும்.

ஜேசிபி ஓட்டியவன் சக்தி. பக்கத்து ஊர்ப் பையன், கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கிறது. அவனுக்குக் கோழிக் குழம்பும் சோறும் தூக்குவாளியில் கொண்டுபோனாள். அடிமண்ணில்தான் சத்து இறங்கியிருக்கும், அவள் மேலாகச் சுரண்டிக்கொண்டு போனாள், நாம் அடியில் அள்ளுவோம் என்பது கமலவேணியின் விவசாய ஞானம். முதல் பத்து நடை நல்ல கறுப்பாக வந்தது. அதற்குப் பிறகு பக்கவாட்டில் போகாமல் கீழே போகச் சொன்னாள்.

"அக்கா, வெள்ளையா வருதுக்கா. சுக்கான் மண்ணு மாதிரி இருக்கு" என்றான் சக்தி.

"ஏரி மண்ணுல வெள்ளையாவது கறுப்பாவது. நீ அள்ளு தம்பி."

"மூணு அடி தாண்டி ரொம்ப நேரமாச்சுக்கா. பத்து அடி இருக்கும்."

"யாரு அளவுக்கோலோட நிக்கிறா? இன்னும் ரெண்டு துண்டு இருக்கு, சாப்பிடு."

அந்தச் சீமையில் எங்கே ஆழமாகத் தோண்டினாலும் கடைசியில் சுண்ணாம்பில்தான் போய் நிற்கும். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதை நம்பித்தான் ஆலைகளே நடக்கின்றன. கமலவேணிக்கும் தெரியும். தெரிந்தது எல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. முப்பது நடை முடிந்ததும், மேட்டு நிலத்தில் பத்து நடை கறுப்பு ஒரு பக்கமும் இருபது நடை வெள்ளை ஒரு பக்கமும் கிடந்தன. கறுப்பை வீட்டை ஒட்டிய துண்டில் போட்டாள். வெள்ளையைக் கடலை போடுகிற பெரிய துண்டில் பரப்பி உழுதாள்.

ஆடிப்பட்டம் தேடி விதைத்தாள். ஆவணியில் கடலைச்செடி மஞ்சளாகப் போனது. நரம்பு மட்டும் பச்சை, இலையெல்லாம் காமாலைக் கண் மாதிரி. வேளாண்மை ஆபீசிலிருந்து சுகன்யா மேடம் வந்து ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, வயல்ல சுண்ணாம்பக் கொட்டி வெச்சிருக்கீங்க? செடி இரும்புச்சத்த எடுக்க முடியாமத் தவிக்குது. அன்னபேதி உப்பு வாங்கித் தெளிங்க, பார்ப்போம்."

தெளித்தாள். கொஞ்சம் பச்சை திரும்பியது. புரட்டாசிக் கடைசியில் பறித்தபோது ஏக்கருக்கு மூன்று மூட்டை, அதிலும் பாதி பொக்கு. பள்ளத்தில் பன்னிரண்டு. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவளுக்கு மூக்கும் போனது, எதிரிக்குச் சகுனமும் நன்றாகவே இருந்தது. அன்று வைத்த குழம்பை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இது வெறும் வயிற்றெரிச்சல் கதை. ஐப்பசி வந்தது.

நல்ல மழை. ஏரி முக்கால்வாசி நிரம்பியது. ஏரிக்குக் கீழே நெல் போட்டிருந்த பன்னிரண்டு குடும்பங்களும், இந்த வருஷம் தை வரைக்கும் கவலையில்லை என்று உட்கார்ந்தார்கள். கார்த்திகை பிறந்து பத்தாம் நாள் பார்த்தால் மதகில் தண்ணீர் எட்டவில்லை. மதகு ஒழுகவில்லை, கரை உடையவில்லை, யாரும் இறைக்கவில்லை. ஆனால் தண்ணீர் தினமும் ஒரு சாண் இறங்கியது. கடைசியில் நடுப்பள்ளத்தில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியபோது, அதற்கு நடுவில் ஒரு சின்னச் சுழி சுற்றிச் சுற்றித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது. ஏரியைத் தாங்கியிருந்த களிமண் படுகையை யாரோ ஓட்டை போட்டு, அடியிலிருந்த சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

கமலவேணியும் நின்று பார்த்தாள். அவளுக்கு வயிற்றில் புளி கரைந்தது, இந்த முறை பயத்தில்.

ஆனால் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதே வாரத்தில் பூங்குழலியின் கிணற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பத்து வருஷமாக அடியில் ஒரு முழம் மட்டும் கிடந்த கிணறு. இறங்கிப் போகும் படிகள் ஒவ்வொன்றாக முழுகின. ஏரியில் போன தண்ணீர் பாறை வெடிப்பு வழியே அங்கேதான் வந்து நின்றது.

நெல் போட்டிருந்த பூமாலை, வயதில் மூத்தவர், நாக்கில் நரம்பில்லாதவர். அவர் நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"வண்டல் அள்ளறேன்னு போயி, தன் கெணத்துக்கு வழி வெட்டிக்கிட்டா பாரு. ஊரு குடிய கெடுத்தவ!"

கமலவேணி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வாசலைத் தெளித்துக்கொண்டிருந்தவள், தெளித்த இடத்தையே திரும்பத் திரும்பத் தெளித்தாள். "அது நான்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். வாய் வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகப் பூங்குழலியை ஒருவர் திட்டுகிறார். உள்ளே போய் இனிப்பாக ஒரு டீ போட்டுக் குடித்தாள்.

அந்த டீயின் ருசி நான்கு நாள் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் பூங்குழலி பூமாலை வீட்டுக்குத் தானாகவே நடந்து போனாள்.

"பெரியப்பா, குழிய யாரு வெட்டுனான்னு எனக்குத் தெரியாது. நாங்க ரெண்டடிதான் எடுத்தோம். ஆனா என் கெணத்துல நிக்கிறது ஏரித் தண்ணிதான், அத மறைக்க முடியுமா? உங்க எல்லாரு நெல்லுக்கும் எடுத்துக்கங்க. எங்க மோட்டாரே ஓடட்டும்."

மார்கழி முழுவதும் அந்த மோட்டார் ஓடியது. கலைவாணன் முறை வைத்து ஓஸ் போட்டுப் பன்னிரண்டு வீட்டு வயலுக்கும் தண்ணீர் விட்டான். நெல் தப்பித்தது. ஊர் வாய், குடம் கவிழ்ந்த மாதிரி ஒரே அடியாகப் புரண்டது. "மகராசி", "அன்னலட்சுமி", "அவ கையால தண்ணி வாங்கினா வீண் போகாது". பூமாலையே தன் பேத்திக்குப் பூங்குழலி என்று பேர் வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கமலவேணியின் வாசலில் நின்று, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே பூங்குழலியைப் புகழ்ந்தார்கள்.

திட்டைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவளால் இதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. அந்தத் தண்ணீர் யார் கொடுத்தது? கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொளுத்துகிற வெயிலில் நின்று குழி வெட்டியது யார்? நிலம் பாழாய்ப் போனது யாருக்கு? பேர் மட்டும் அவளுக்கா? கமலவேணி தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. கிருஷ்ணமூர்த்தி சுகர் டெஸ்ட் எடுக்கலாம் என்றான்.

ஜனவரி இருபத்தாறு. ஊராட்சி ஆபீஸ் முன்னால் கிராம சபைக் கூட்டம். கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். தலைவி மஞ்சு, கல்லூரி முடித்த பெண், மைக்கைப் பிடித்து எழுந்தாள்.

"இந்த வருசம் நம்ம ஊரு சம்பா நெல்லக் காப்பாத்திக் குடுத்த பூங்குழலி அத்தைக்கு, ஊரு சார்பா ஒரு பொன்னாடை."

பச்சைப் பட்டில் ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை. பூங்குழலி வெட்கப்பட்டுக்கொண்டே தலையைக் குனிந்தாள். ஜனங்கள் கை தட்டினார்கள். பொன்னாடை அவள் தோளில் விழுந்த அந்த நொடியில் கமலவேணி எழுந்துவிட்டாள். தான் எழுந்தது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"நிறுத்துங்க! அந்தத் தண்ணி ஒண்ணும் அவ கொண்டாந்தது இல்ல. ஏரியில குழி வெட்டுனது நான்!"

கை தட்டல் பாதியில் நின்றது.

"பத்து அடி வெட்டுனேன். சந்தேகமா இருந்தா சக்தியக் கேளுங்க. அவ ரெண்டடி சுரண்டிட்டுப் போயிட்டா. குழி என்னுது!"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சக்தி மிட்டாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆமாங்க" என்றான்.

கிருஷ்ணமூர்த்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பூமாலைக்கு மூச்சு வாங்கியது.

"ஏம்மா, கார்த்திகையில அந்தப் புள்ளைய நாங்க அந்தப் பேச்சு பேசுனப்ப வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"அப்ப நீங்க திட்டிக்கிட்டு இருந்தீங்க. திட்டுல பங்கு கேக்க நான் என்ன பைத்தியமா?"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சு மைக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். கமலவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லியாகிவிட்டது, இனி விழுங்க முடியாது.

மஞ்சு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியத்தை, விளையாட்டில்ல. அனுமதிக்கு மீறித் தோண்டினது தப்பு. வர்ற மழைக்குள்ள குழிய நீங்களே களிமண் போட்டு மூடிக் குடுக்கணும். தீர்மானப் புத்தகத்துல எழுதட்டுமா?" என்றாள்.

"எழுது. பேரச் சரியா எழுது. கமலவேணின்னு முழுசா."

எழுதினார்கள். கீழே கையெழுத்தும் போட்டாள். அன்றிலிருந்து ஏரியின் அந்த இடத்துக்குக் கமலவேணி குழி என்றே பேர்.

பங்குனியில் குழியை மூடினாள். குழி முழுவதும் நிரம்ப வேண்டாம், அடியில் வெடிப்பு அடைந்தால் போதும். அந்தக் களிமண்ணுக்கு எங்கே போவது? வீட்டை ஒட்டிய துண்டில் போட்டிருந்த அந்தப் பத்து நடை நல்ல கறுப்பு மண்ணைத்தான் திரும்ப வாரி ஏரிக்குக் கொண்டுபோனாள். வெள்ளை அவள் நிலத்தில் தங்கியது. கறுப்பு, வந்த வழியே போனது. சக்தி ஒவ்வொரு நடையாகக் கொட்டித் தண்ணீர் தெளித்து, ஜேசிபி வாளியால் அடித்து இறுக்கினான். ஒன்பது நடை முடிந்தது.

கடைசி நடை வந்து நின்றபோது பூங்குழலி கரையிலிருந்து இறங்கி வந்தாள். வெயிலுக்கு அந்தப் பொன்னாடையைத் தலையில் போட்டிருந்தாள். கமலவேணிக்குப் புரிந்தது. இந்த ஒரு டிப்பரைக் கொட்டி அடைத்தால் இனி ஏரித் தண்ணீர் வராது, பூங்குழலியின் கிணறு பழையபடி காய்ந்துவிடும். ஊரே தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, அவள் கிணற்றைக் காயவைக்கும் வேலையை இவள் கையில் கொடுத்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் சாமியிடம் கேட்டிருந்தாலும் இப்படி ஒரு வரம் கேட்கத் தோன்றியிருக்காது.

"இத மூடினா உன் கெணறு காஞ்சிடும்" என்றாள் கமலவேணி.

"காயட்டும்க்கா. ஏரி ஊருக்குப் பொது. மூடுங்க" என்றாள் பூங்குழலி. "சாப்பிட்டீங்களா?"

கமலவேணிக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரே ஒரு தடவையாவது எங்கிட்ட சண்ட போடேன்டி! ஊரே உன்னத் திட்டுனப்ப நான் வாயத் தெறக்காம இருந்தேன். ஒரு வார்த்த கேட்டியா? நான் மட்டும் எத்தன வருசத்துக்குடி உன்னப் பாத்து வெந்து சாகறது?"

பூங்குழலி பொன்னாடையைத் தலையிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

"பாகம் பிரிச்சப்ப நான் மூணு நாள் சாப்பிடல. உங்களுக்குத் தெரியாது. எனக்கு அந்த ரோட்டு வூடுதான் வேணும்னு அழுதேன். உங்க கொழுந்தன் கேக்கல. இன்னிக்கும் ஜெயங்கொண்டம் போவணும்னா ஒரு மைலு சேத்துல, செருப்பக் கையில தூக்கிக்கிட்டு வரேன். பஸ்ஸு உங்க வாசல்ல வந்து நிக்குது. உங்க காலுல ஒரு பொட்டுச் சேறு படாது. ஆரன் சத்தம் கேக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுதுக்கா. சாப்பிட்டீங்களான்னு கேக்குறதே, அத மறைக்கத்தான்."

கமலவேணி மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரகத்தியின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"தெனமுமா எரியுது?"

"தெனமும்தான். காலையில எட்டே காலு வண்டிக்கு ரொம்ப."

"அக்கா, கொட்டட்டுமா?" என்று சக்தி வண்டியிலிருந்து கத்தினான்.

"கொட்டு தம்பி, கொட்டு" என்றாள் கமலவேணி.

அன்று அவள் வீட்டுக் குழம்பில் புளிப்பு அளவாக இருந்தது. கிருஷ்ணமூர்த்தி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், காரணம் கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டே காலுக்கு ஜெயங்கொண்டம் பஸ் வாசலில் வந்து நின்றது. ஜெயங்கொண்டத்தில் கமலவேணிக்கு ஒரு வேலையும் கிடையாது. பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, வாசற்படியிலிருந்து நேராக ஏறினாள். பள்ளம் தெரிகிற பக்கமாகப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்து, டிரைவரிடம் சொன்னாள்:

"தம்பி, கெளம்புறப்ப ஆரன நல்லா சத்தமா ஒரு தடவ அடி."